படிப்பா, வேலையா? மிருக வைத்திய மாணவரின் இரவுக் கடமையும் உரிமைகளும்

வன்னியில் ஒரு வீட்டுப் பிள்ளை மிருக வைத்தியம் படிக்கத் தெரிவானால் அந்த ஊருக்கே சந்தோஷம். மூன்று நான்கு வருடம் கழித்து அதே பிள்ளை தொலைபேசியில், "நேற்று விடியப் போனனான் அம்மா, இப்பதான் அறைக்கு வந்தனான்" என்று சொல்லும்போது வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. படிக்கிற பிள்ளைக்கு ஏன் இரவு வேலை? வேலை என்றால் சம்பளம் எங்கே? ஏலாது என்று சொன்னால் சோதனையில் விழுத்திவிடுவார்களா? இந்தியாவில் மிருக வைத்திய மாணவர்கள் ஊக்கத்தொகை கேட்டுப் போராடுகிறார்கள் என்ற செய்தியும் இடையில் வந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இது ஒரு நாட்டுக்கோ ஒரு பீடத்துக்கோ மட்டும் உரிய சிக்கல் அல்ல. மிருக வைத்தியம் கற்பிக்கும் வைத்தியசாலை எங்கு இருந்தாலும் இந்தக் கேள்வி அங்கே எழும். எனவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூன்று நிலைகள், மூன்று பெயர்கள்

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடம் ஒன்றே ஒன்றுதான். அது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தவர்கள் அங்கே போகிறார்கள். முதல் வருடங்களில் உடற்கூறு, உடற்றொழில், மருந்தியல், நோயியல் என்று பாடங்கள். கடைசிக் கட்டத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உயிருள்ள விலங்குக்கு முன்னால் நிற்க வேண்டும். இதைத்தான் மருத்துவமனைப் பயிற்சி என்கிறோம். மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து நாய் பூனைப் பிரிவு, பண்ணை விலங்குப் பிரிவு, சத்திரசிகிச்சை, இனப்பெருக்கம் என்று மாறி மாறிச் செல்வார்கள்.

இங்கே மூன்று பெயர்களைப் பிரித்து அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. மாணவர்: பட்டம் இன்னும் கிடைக்காதவர். கற்பதற்காக அங்கே நிற்கிறார். விலங்கைத் தொடுவதும் ஊசி போடுவதும் ஒரு வைத்தியரின் மேற்பார்வையில்தான்.

2. உள்ளகப் பயிற்சியாளர்: ஆஸ்பத்திரி டொக்டராக வருபவர் எம்.பி.பி.எஸ். முடித்தபின் தற்காலிகப் பதிவோடு ஒரு வருடம் இப்படி வேலை செய்கிறார். அவருக்குச் சம்பளம் உண்டு. இந்தியாவில் 2016இன் விதிகளின்படி மிருக வைத்தியப் படிப்பு ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அங்கே ஊக்கத்தொகைப் போராட்டம் எழுவது பெரும்பாலும் இந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான்.

3. பதிவு பெற்ற மிருக வைத்தியர்: 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை மிருக வைத்தியப் பேரவையில் பெயர் பதிந்தவர். சிகிச்சைக்குப் பொறுப்பு இவருடையது.

இரவு இரண்டு மணிக்கு வோர்ட்டில் நிற்கிற பிள்ளை முதலாவது வகை. வேலை மட்டும் பல வேளைகளில் இரண்டாவது வகையைப் போலிருக்கும். சிக்கலின் வேர் அந்த இடைவெளியில் இருக்கிறது.

நேரம் எப்படி நீளுகிறது

பயிற்சி வைத்தியசாலைக்கு இரண்டு கடமைகள். வருகிற விலங்கைக் காப்பாற்ற வேண்டும், மாணவருக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். ஆளணி போதுமாக இருக்கிற நாளில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகப் போகும். ஆள் குறைந்த நாளில் கையெட்டும் தூரத்தில் நிற்கிறவர் மாணவர்தான்.

பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் வந்த ஒரு நாய்க்குட்டியை எடுத்துக்கொள்வோம். தனியறையில் வைக்க வேண்டும். சேலைன் இறங்குகிறதா, ஊசிக்குழாய் விலகிவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இரத்தம் கலந்த கழிச்சலைத் துடைத்துக் கூட்டைக் கழுவி, அடுத்த நோயாளியிடம் போகுமுன் உடுப்பு மாற்ற வேண்டும். முதல் இரவில் ஒரு மாணவி இதிலிருந்து நிறையக் கற்பாள். உடல் எவ்வளவு வேகமாக நீர் இழக்கிறது, முரசைத் தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும், எந்தக் கட்டத்தில் குட்டி தேறும் என்பதெல்லாம் அந்த இரவில் விளங்கும். ஏழாவது இரவில் அவள் கழுவுவது கூட்டை மட்டும்தான். கற்பதற்கு அதில் மிச்சம் எதுவும் இல்லை, கழுவ ஆள் இல்லாதபடியால் கழுவுகிறாள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். காலை 8 மணிக்குக் கிளினிக். மாலையில் கலந்துரையாடல். இரவில் கடமை. மறுநாள் காலை மீண்டும் கிளினிக், அது மாலை 5 மணிக்கு முடிகிறது. மொத்தம் 33 மணித்தியாலம். நேர அட்டவணையில் இவை நான்கு தனித்தனிக் கட்டங்களாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் நியாயமானது. கூட்டிப் பார்க்கிறவர் எவரும் இல்லை.

வடக்கிலிருந்து போகும் பிள்ளைக்கு இன்னொரு சுமை உண்டு, அதை யாரும் எண்ணுவதில்லை. பாடம் ஆங்கிலத்தில். கண்டிப் பக்கத்தில் நாயைக் கொண்டுவருகிறவர் பேசுவது பெரும்பாலும் சிங்களம். நோய் வந்த கதையை அவரிடம் சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, மனதுக்குள் தமிழில் யோசிக்க வேண்டும். மற்றவர் பத்து நிமிடத்தில் முடிப்பதை இவர் இருபது நிமிடத்தில் முடிப்பார். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியரும் இருக்கக்கூடும்.

இவ்வளவையும் மாணவர் ஏன் வாய் திறந்து சொல்வதில்லை? கடமை நேரம் போடுகிறவரும் புள்ளி போடுகிறவரும் பல இடங்களில் ஒருவரே. தப்பிப் போக வேறு பீடமும் நாட்டில் கிடையாது.

தூக்கம் கெட்டால் என்ன நடக்கும்

களைப்பைப் பிடிவாதத்தால் வெல்லலாம் என்ற நம்பிக்கை வைத்தியத் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அளந்து பார்த்தவர்களின் முடிவுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குத் தடுமாறும் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்கு ஏறும். அமெரிக்காவில் பயிற்சி டொக்டர்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், நீண்ட கடமை முறையில் நின்றவர்கள் குறைந்த நேரம் நின்றவர்களைவிட 36 வீதம் கூடுதலான கடுமையான தவறுகளைச் செய்தார்கள். 2005இல் வந்த இன்னொரு ஆய்வின்படி, நீண்ட கடமை முடித்து வாகனம் ஓட்டி வீடு திரும்புகையில் விபத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல்.

இவை மனித வைத்தியத்திலிருந்து வந்த எண்கள். மாட்டுக்குப் பக்கத்தில் இதே களைப்பு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இரண்டு காட்சிகள்.

கன்று போட்டு ஒரு நாளான கலப்பினப் பசு எழும்ப முடியாமல் கிடக்கிறது. காது குளிர்ந்திருக்கிறது, தலை விலாப்பக்கம் திரும்பியிருக்கிறது. பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கல்சியம் இறங்கிவிட்டது. நாளத்தில் கல்சியம் ஏற்றினால் கண்ணுக்கு முன்னாலேயே பசு எழும்பும். வைத்தியத்தில் இவ்வளவு மகிழ்ச்சி தரும் சிகிச்சைகள் சிலதான். ஆனால் போத்தலை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி, மறுகையால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, 10 முதல் 20 நிமிடம் வரை இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும். 30 மணித்தியாலம் நித்திரை இல்லாதவருக்கு அந்தச் சீரான துடிப்பே தாலாட்டாகிவிடும். கண் ஒரு கணம் சொருகும்போது போத்தல் பிடித்த கை உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது, மயக்க மருந்தான சைலசீன். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அந்த மருந்து மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம் என்றும் 100 மில்லிகிராம் என்றும் இரு செறிவுகளில் வருகிறது. தெளிந்த தலைக்கு இது சின்னக் கணக்கு. விடியற்புறம் 4 மணிக்கு, டோர்ச் வெளிச்சத்தில், அது சின்னக் கணக்கு அல்ல.

ஆபத்து மாணவரின் உடலுக்கும் உண்டு. பெண் கன்றுகளுக்குப் போடும், மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோய்க்கான தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி தவறிக் கையில் குத்தினால் போடுகிறவருக்கே நோய் வரலாம். பசுவைச் சினைக்கு வரவைக்கப் போடும் புரொஸ்டகிளாண்டின் தோல் வழியாக உறிஞ்சப்படும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடக்கூடாது. எந்தப் போத்தல் எது என்று பார்த்தெடுக்க விழிப்பு வேண்டும்.

மனதைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையான மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். தற்கொலையால் இறப்பது பெண் மிருக வைத்தியரிடையே பொதுமக்களைவிட 3.5 மடங்கும் ஆண்களிடையே 2.1 மடங்கும் கூடுதல் என்று அதில் தெரிந்தது. இதற்குக் காரணம் ஒன்றல்ல, பல. ஆனாலும் "தாங்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தான்" என்ற பேச்சை இந்த எண்களுக்குப் பிறகு ஒருவரும் பேசக்கூடாது. இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்து மனநல உதவி கேட்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வைக்கிறது. கிளிநொச்சி டவுனில் பாமசியில் நிற்கிற பிள்ளைக்கு அந்த எண் ஒரு வேலி. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை வேலை ஒப்பந்தம். மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கண்ணில் அவர் கற்பவர். ஆகவே பாமசிப் பிள்ளைக்கு இருக்கும் எண் வோர்ட்டில் நிற்கும் பிள்ளைக்கு இல்லை.

மனித வைத்தியத்தில் அந்த எண் எப்படி வந்தது? நியூயோர்க்கில் 1984இல் 18 வயது இளம்பெண் ஒருவர், நீண்ட நேரக் கடமையில் நின்ற பயிற்சி டொக்டர்களின் பராமரிப்பில் இறந்தார். அவருடைய தகப்பன் விடாமல் போராடினார். 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்ற எல்லையை வைத்தது, 2003இல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை 48. அங்கே 2000இலும் 2003இலும் வந்த இரு தீர்ப்புகள், வைத்தியசாலைக்குள் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று சொல்லின. காத்திருந்து கட்டிலில் தூங்கினாலும் அது வேலை நேரம்தான். இவை எல்லாம் சம்பளம் பெறும் டொக்டர்களுக்கு. மிருக வைத்திய மாணவர் அந்த வேலிக்கும் வெளியே.

எண் இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தைத் தருகிறது, அரச பல்கலைக்கழகம் ஒருவரை மனம்போன போக்கில் நடத்த முடியாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தின் வரைவிலக்கணம் பலர் நினைப்பதைவிட அகலமானது. உடலுக்கோ மனதுக்கோ காயம், வேதனை, பயம் உண்டாக்கும் செயல் எல்லாம் அதற்குள் வரும். தன் இரவுக் கடமையை அச்சுறுத்தி இளைய மாணவரின் தலையில் கட்டும் சீனியர், "இது வழமைதானே" என்று தப்ப முடியாது.

பயிற்சியா, இலவச உழைப்பா: பிரித்தறிவது எப்படி

அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2015இல், சம்பளமில்லாப் பயிற்சி பற்றிய வழக்கில் ஓர் அளவுகோலைச் சொன்னது: இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது யார்? எமது நாட்டில் அது சட்டம் அல்ல. ஆனாலும் யோசிக்கப் பொருத்தமான கேள்வி அதுதான். மருத்துவமனைப் பயிற்சிக்கு அதை இப்படிப் பிரித்துக் கேட்கலாம்.

1. இந்த வேலையை இன்று செய்யாவிட்டால் மாணவர் எதைக் கற்காமல் போவார்?

2. செய்யும்போது பக்கத்தில் நின்று சரி பிழை சொல்ல ஒரு வைத்தியர் இருக்கிறாரா? தொலைபேசியில் மட்டும் இருக்கிறாரா? அதிலும் இல்லையா?

3. மாணவர் எல்லோரும் இன்று வராவிட்டால் வைத்தியசாலை நின்றுபோகுமா? நின்றுபோகும் என்றால் அங்கே ஆளணிப் பற்றாக்குறை இருக்கிறது, மாணவர் அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மேற்பார்வை இல்லாத இரவில் மாணவர் கற்கிறார் என்று சொல்வதே பொருத்தமில்லை. பிழையாகச் செய்ததைச் சரி என்று நினைத்து, அதையே பழகிக்கொண்டும் வரலாம்.

வன்னிக்கு இதில் என்ன

இங்கே வைத்தியரின் தூரம் வேறு கணக்கு. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, பூநகரிப் பக்கங்களில் ஒரு வைத்தியர் பார்க்கும் நிலப்பரப்பு பெரியது. காலபோகம் தொடங்கினால் வயலைக் காப்பாற்றப் பட்டி மாடுகள் காட்டோரத்துக்குப் போய்விடும், வைத்தியரும் அங்கேதான் போக வேண்டும். 2020இல் தோல் கழலை நோய் வடக்கில் தலைகாட்டியபோதும், 2022 டிசம்பரில் சூறாவளியோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்து விழுந்தபோதும், பட்டிக்காரர் தேடி ஓடியது பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத்தான். அப்படி ஒரு நாளில் அங்கே நிற்கும் வைத்தியர், தன்னுடைய களைப்பின் எல்லையை அறிந்து "இதற்கு மேல் நான் ஊசி போடக்கூடாது, இன்னொருவரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் மாணவப் பருவத்தில்தான் வரும். வாயை மூடித் தாங்கு என்று பழக்கப்பட்டவருக்கு அது வராது.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். அந்த வீட்டில் ஒரே ஒரு கறவைப் பசுவின் பாலில் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு போகும். களைப்பில் நடக்கும் ஒரு பிழையின் விலையைக் கட்டுகிறவர் அந்தத் தாய்.

இன்னொன்று, திரும்பி வருவது. ஏ9 வீதி கண்டியில் தொடங்கி வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வீதியால் படிக்கப் போன பிள்ளை அதே வீதியால் எங்கள் பட்டிகளுக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறோம். பயிற்சியிலேயே தொழில் வெறுத்துப்போனவர் கொழும்பில் மருந்துக் கம்பனிக்கோ வெளிநாட்டுக்கோ போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

என்ன கேட்கலாம், எங்கே கேட்கலாம்

1. பயிற்சி தொடங்குமுன் கடமை அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். தொடர்ச்சியாக ஆகக் கூடியது எத்தனை மணித்தியாலம், இரவுக் கடமைக்கு அடுத்த நாள் ஓய்வு உண்டா, இரவில் பொறுப்பான வைத்தியர் யார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

2. விசர்நாய்க்கடிக்கான முன்தடுப்பூசியை முதல் நாய்க்கூட்டைத் திறக்குமுன் போட்டுக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன முறையில் முதல் நாளும் ஏழு நாள் கழித்தும் என்று இரண்டு தடவை போதும். பிறகு கடிபட்டால் மீண்டும் ஊசி வேண்டும், ஆனால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது.

3. தனியே போய்ச் சொல்லப் பயமென்றால் பட்ச்சாகப் போங்கள். பீடச் சபையில் மாணவர் தெரிவுசெய்யும் இருவருக்கு இடம் உண்டு. மாணவ ஆலோசகர், பீடாதிபதி, துணைவேந்தர் என்ற படிவரிசையில் ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி வைத்திருங்கள்.

4. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். அட்டவணை, மேற்பார்வை விதி, ஆளணி வெற்றிடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதினால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், வவுனியாவிலிருந்து பெற்றோரும் எழுதலாம்.

5. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக, மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.

இந்த ஐந்துக்கும் உயிர் கொடுப்பது ஒரு சின்னக் கொப்பி. "நித்திரையே இல்லை" என்று சொன்னால் "நாங்களும் இப்படித்தான் படித்தோம்" என்று பதில் வரும். "திங்கள் காலை 7.30 முதல் செவ்வாய் மாலை 4.00 வரை. நித்திரை 1 மணி 20 நிமிடம். இரவு 11க்குப் பின் வைத்தியர் எவரும் வரவில்லை. கூடு கழுவியது 9 தடவை" என்று அன்றன்றே எழுதி, கூட நின்றவரின் கையொப்பத்தையும் வாங்கிவையுங்கள். நான்கு கிழமை எழுதிய பக்கங்களைப் பீடச் சபையின் மேசையில் வைத்தால், இரவு 11க்குப் பிறகு பொறுப்பில் இருந்த வைத்தியர் யார் என்ற கேள்விக்கு அங்கே இருப்பவர்கள் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்.